உயிரணு இன்றி நுரைத்த சாறு



நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்த முதல் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஒரு சிறு சோதனையைச் செய்து காட்டினேன். இரண்டு சோதனைக் குழாய்களில் நீர்த்த சோற்றுக் கஞ்சியை ஊற்றினேன். ஒன்றில் சிறிது உமிழ்நீரைச் சேர்த்தேன்; மற்றொன்றில் நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றிய உமிழ்நீரைச் சேர்த்தேன். இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் நிறுத்திவைத்துப் பின்னர் அயோடின் துளிகளை விட்டபோது, கொதித்த உமிழ்நீர் சேர்ந்த குழாய் கருநீலம் ஆயிற்று, மற்றது ஆகவில்லை. மாவுப்பொருள் இருக்குமிடத்தில்தான் அயோடின் நீலமாகும். ஆகவே, கொதிக்காத உமிழ்நீர் கஞ்சியிலிருந்த மாவைச் சர்க்கரையாக மாற்றிவிட்டது என்பது தெளிவு. கொதித்த உமிழ்நீருக்கு ஏன் அந்த ஆற்றல் இல்லை என்று நானே வினவி, “கொதிக்கவைத்ததால் அதிலிருந்த நொதி செத்துவிட்டது” என்று நானே விடையும் கூறினேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “அப்படியானால், கொதிக்கவைக்கும் முன்பு அது உயிரோடு இருந்ததா, சார்?” என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களுள் நானும் ஒருவன். அவனை உட்காரச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அன்றிரவு வீட்டில் அமர்ந்து எண்ணிப் பார்க்கையில்தான், அந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியாது என்பது புலப்பட்டது. பின்னர் நூல்களைத் தேடிப் படித்தபோது வேறொன்றும் தெரிந்தது. அந்தச் சிறுவன் கேட்ட அதே கேள்வியை முன்னிட்டு ஐரோப்பாவின் தலைசிறந்த அறிஞர்கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் தமக்குள் சண்டையிட்டிருக்கிறார்கள். அந்தச் சண்டையின் வரலாற்றையே இன்று உங்களுக்குக் கூற எண்ணுகிறேன்.

நொதி என்பது யாது? நம் உடலில் ஒவ்வொரு கணமும் எண்ணற்ற இரசாயன மாற்றங்கள் நிகழ்ந்தவண்ணம் இருக்கின்றன. உண்ட சோறு சர்க்கரையாகிறது. சர்க்கரை எரிந்து ஆற்றலாகிறது. பருப்பின் புரதம் உடைந்து தசையாக மறுபடியும் கட்டப்படுகிறது. இவை அனைத்தையும் சேர்த்து வளர்சிதை மாற்றம் என்கிறோம். இம்மாற்றங்களைச் சோதனைக் குழாயில் நிகழ்த்த வேண்டுமானால் கடும் அமிலமோ பெருஞ்சூடோ வேண்டும். இன்றேல் மிக நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். உடலிலோ வெறும் 37 டிகிரி வெப்பத்தில், கண்ணிமைக்கும் பொழுதில் அவை நடந்தேறுகின்றன. அவ்வாறு நடத்துபவை நொதிகள். ஒரு நொதி தான் செய்யும் வேலையில் தான் செலவாகிவிடுவதில்லை. ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். நம் இரத்தச் சிவப்பணுக்களில் கரியமில வாயுவை நீரோடு சேர்க்கும் ஒரு நொதி உண்டு. அதன் ஒரே மூலக்கூறு ஒரு விநாடியில் பத்து இலட்சம் முறை அளவுக்கு அவ்வேலையைச் செய்ய வல்லது.

இத்தகைய பொருள் ஒன்று உண்டு என்ற ஐயம் முதன்முதலில் இரைப்பையைப் பற்றிய ஆராய்ச்சியில் எழுந்தது. உணவு வயிற்றில் அரைபடுகிறதா, கரைகிறதா என்பது பழைய வழக்கு. 1752-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர், தாம் வளர்த்த பருந்து ஒன்றுக்கு இறைச்சித் துண்டு வைத்த சிறு உலோகக் குழாய்களை விழுங்கக் கொடுத்தார். சீரணிக்க முடியாதவற்றைக் கக்கிவிடுவது பருந்தின் இயல்பு. அது கக்கிய குழாய்களில் இறைச்சி கரைந்திருந்தது. குழாயின் சுவர் காத்திருந்ததால், அரைபட்டுக் கரைய வழியே இல்லை. பின்னர் இத்தாலிய நாட்டு ஸ்பல்லன்சானி, இரைப்பை நீரையும் இறைச்சியையும் கண்ணாடிக் குழாயில் அடைத்துத் தம் அக்குளிலேயே வைத்துக்கொண்டு நடமாடினார். உடற்சூடு மாறாமல் இருக்கவேண்டும் அல்லவா! அவ்விறைச்சியும் கரைந்தது.

1833-ஆம் ஆண்டில் பாயென், பெர்சோ என்னும் இரு பிரெஞ்சுக்காரர்கள், முளைகட்டிய பார்லியின் சாற்றில் சாராயத்தை ஊற்றி ஒரு வெண்மையான பொருளைப் படியவைத்தனர். அப்பொருள் தன் எடையைப்போல் ஈராயிரம் மடங்கு மாவுப்பொருளைக் கரைத்துவிட்டது. அதற்கு டயஸ்டேஸ் என்று பெயரிட்டனர். நம் வீடுகளில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, அரைத்துக் கூழ் காய்ச்சுகிறார்களே, அந்தக் கூழ் இறுகாமல் நீர்த்து, சற்றே இனிப்பதும் இவ்வகை நொதியின் செயலே. பாட்டிமார் அதைப் பெயர் வைக்காமலே பயன்படுத்தினார்கள். 1836-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்வான் இரைப்பை நீரிலிருந்து பெப்சினைக் கண்டறிந்தார்.

இதுவரை தகராறு ஏதும் இல்லை. தகராறு ஈஸ்ட்டினால் வந்தது.

திராட்சைச் சாறும் பார்லிச் சாறும் நுரைத்துப் பொங்கி மதுவாவதை மனிதர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கண்டு வந்தனர். 1837-ஆம் ஆண்டையொட்டி மூவர், தனித்தனியே நுண்நோக்கியால் பார்த்து, மதுவின் மண்டியிலுள்ள ஈஸ்ட் என்பது வளர்ந்து பெருகும் உயிர் என்றனர். அம்மூவருள் மேற்சொன்ன ஷ்வானும் ஒருவர். இரசாயன உலகின் முடிசூடா மன்னராக விளங்கிய லீபிக் என்பாருக்கு இது பிடிக்கவில்லை. உயிரின் பெயரைச் சொல்லி விளக்கம் தருவது இரசாயனத்தை மறுபடியும் இருட்டுக்குள் தள்ளுவதாகும் என்பது அவர் கருத்து. 1839-இல் அவருடைய ஆராய்ச்சி இதழிலேயே பெயரிடாத கேலிக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. ஈஸ்ட் என்பது சர்க்கரையைத் தின்று, குடலின் வழியே சாராயத்தையும், சிறுநீர்ப்பையின் வழியே கரியமில வாயுவையும் வெளிவிடும் சிறு விலங்காம். அதன் சிறுநீர்ப்பை ஷாம்பேன் புட்டியின் வடிவில் இருக்குமாம்! அறிஞர்கள் எழுதியதுதான், ஆனால் என் வகுப்பு அன்று சிரித்த சிரிப்புக்கும் இதற்கும் அதிக வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

கேலிக்கு விடை பாஸ்டரிடமிருந்து வந்தது. லில் நகரில் பேராசிரியராக இருந்தபோது, பீட்ரூட் சாற்றிலிருந்து சாராயம் வடித்த ஆலைக்காரர் ஒருவர் தம் தொட்டிகள் கெட்டுப்போவதாக அவரிடம் முறையிட்டார். அந்த முறையீட்டின்பேரில் தொடங்கிய ஆராய்ச்சி, 1857 முதல் அவரை ஓர் உறுதியான முடிவுக்குக் கொண்டுசென்றது. நொதித்தல் உயிரின் செயல். உயிரணு இன்றி அது நிகழாது. சான்றுகள் அவர் பக்கமே இருந்தன. ஈஸ்ட் அணுக்களை உடைத்து எடுத்த சாற்றால் நொதித்தலை நிகழ்த்த முயன்றவர்கள் தோற்றனர்; பாஸ்டரும் முயன்று பார்த்துத் தோற்றார்.

எனவே நொதிகள் இரு சாதிகளாகப் பிரிக்கப்பட்டன. பெப்சினும் டயஸ்டேஸும் போல உயிரணுவுக்கு வெளியிலும் வேலை செய்பவை ஒரு வகை. ஈஸ்ட்டைப்போல் உயிராகவே இருப்பவை மற்றொரு வகை. இக்குழப்பத்தைத் தவிர்க்க விரும்பிய ஹைடல்பர்க் பேராசிரியர் கூனே, 1876-77-இல் முதல் வகைக்கு ‘என்ஸைம்’ என்னும் பெயரை இட்டார். கிரேக்க மொழியில் ‘ஈஸ்ட்டில் உள்ளது’ என்பது அதன் பொருள். நம் மொழியிலும் நொதித்தலிலிருந்தே நொதி என்னும் சொல் பிறந்திருப்பதைக் கவனியுங்கள். மறு ஆண்டு, 1878-இல், உடலியல் மேதை கிளாட் பெர்னார் காலமானார். உயிரணு இல்லாமலே சாராயம் உண்டாகக்கூடும் என்று அவர் எழுதிவைத்திருந்த குறிப்புகளை நண்பர்கள் வெளியிட்டனர். பாஸ்டர் சும்மா இருக்கவில்லை. மறைந்த நண்பரின் முடிக்கப்பெறாத குறிப்புகளை மறுத்து 1879-இல் ஒரு நூலே எழுதிவிட்டார். பாஸ்டரிடம் எனக்குப் பெருமதிப்பு உண்டு. எனினும் இந்த ஒரு செயலில் அவர் சற்றுப் பொறுமை காத்திருக்கலாம் என்றே தோன்றுகிறது.

இனி எடுவர்ட் பூக்னருக்கு வருவோம். 1860-இல் மூனிக் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தவர். அண்ணன் ஹான்ஸ் பத்து வயது மூத்தவர். தம்பியைப் படிக்கவைக்கத் துணைநின்றவர். நடுவில் பணமுடையால் படிப்பை நிறுத்தி, பூக்னர் உணவுப் பொருள்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்ததும் உண்டு. படிப்பை மீண்டும் தொடர்ந்து, பட்டம் பெற்று, 1893-இல் ஈஸ்ட் அணுக்களை உடைத்து உள்ளிருப்பதை ஆராயத் தொடங்கினார். ஆய்வுக்கூடத்தின் மேலாளர்கள், இது நாற்பது ஆண்டுகளாகப் பலர் செய்து பார்த்தது, இதனால் எதுவும் ஆகப்போவதில்லை என்று நிறுத்திவிட்டனர். மூன்று ஆண்டுகள் வீணே கழிந்தன.

1896-ஆம் ஆண்டின் இலையுதிர்கால விடுமுறையில் அவர் மூனிக்கில் அண்ணனுடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அண்ணனோ கிருமிகளின் அணுக்களுக்குள் மருந்துக்கு உதவும் பொருள் இருக்கக்கூடும் என்று தேடிக்கொண்டிருந்தார். ஆயிரம் கிராம் ஈஸ்ட்டுடன் ஆயிரம் கிராம் மணலையும் 250 கிராம் களிப்புழுதி போன்ற ஒருவகை மண்ணையும் சேர்த்து உரலில் அரைத்தார்கள். அந்த மண்ணைச் சேர்க்கச் சொன்னவர் ஹான் என்னும் உதவியாளர். சிறிய யோசனைதான். ஆனால் அதனால்தான் அரைத்த குழம்பு, பிழிவதற்கேற்ற பிசைந்த மாவுபோல் ஆயிற்று. அதைத் துணியில் கட்டி, நீரழுத்தப் பொறியில் வைத்து, 400 முதல் 500 வளிமண்டல அழுத்தத்தில் பிழிந்தபோது, அரை லிட்டர் அளவு தெளிந்த சாறு கிடைத்தது.

சாறு விரைவில் கெட்டுப்போயிற்று. விலங்குகளுக்கு ஊசி மூலம் செலுத்தவேண்டிய சாறு ஆதலால், வழக்கமான நச்சு மருந்துகளைச் சேர்த்துப் பாதுகாக்க இயலாது. வேறு வழி யாது? பழங்களைச் சர்க்கரைப் பாகில் இட்டால் கெடுவதில்லையே! எனவே அடர்ந்த சர்க்கரைக் கரைசலைச் சேர்த்தார்கள். சிறிது நேரத்தில் அந்தக் கலவையிலிருந்து குமிழிகள் எழத் தொடங்கின. நிற்காமல் எழுந்துகொண்டே இருந்தன. கெடாமல் இருக்கச் சேர்த்த சர்க்கரையே நொதித்துக்கொண்டிருந்தது! அதனை வேறொருவர் கெட்டுப்போன சாறு என்று கொட்டியிருப்பார். பூக்னர் தாம் கண்டது யாது என்பதை உணர்ந்தார். அங்கே ஈஸ்ட் இல்லை. உயிரணு ஒன்றுகூட இல்லை. ஆயினும் சர்க்கரை சாராயமும் கரியமில வாயுவுமாகப் பிரிந்துகொண்டிருந்தது. 1897 ஜனவரியில் அவர் அனுப்பிய கட்டுரையின் தலைப்பே செய்தியைச் சொல்லிவிட்டது: ‘ஈஸ்ட் அணுக்கள் இல்லாத சாராய நொதித்தல்’. செயல்புரிந்த பொருளுக்கு ஸைமேஸ் என்று பெயரிட்டார்.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? சாற்றில் உயிருள்ள துணுக்குகள் மிதந்திருக்கும் என்றனர் சிலர். உயிரணுக்களின் இயக்கத்தைத் தடுக்கும் டொலுவீன் முதலியவற்றைச் சேர்த்துக் காட்டினார், நொதித்தல் நிற்கவில்லை. நுண்ணிய வடிகட்டியில் வடித்துக் காட்டினார், நிற்கவில்லை. சாற்றை உலர்த்திப் பொடியாக்கி, மறுபடி நீரில் கரைத்துக் காட்டினார், அப்போதும் நுரைத்தது. 1907-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அண்ணன் ஹான்ஸ் அதைக் காணவில்லை, 1902-இலேயே மறைந்துவிட்டார். முதல் உலகப்போரில் படைத்துறையில் சேர்ந்த பூக்னர், 1917 ஆகஸ்டு மாதம் ருமேனியப் போர்முனையில் காயமுற்று இரண்டு நாளில் உயிர் துறந்தார்.

பூக்னரின் ஸைமேஸ் ஒரே பொருள் அன்று என்பது விரைவிலேயே தெரிந்தது. சர்க்கரை பைருவிக் அமிலம் ஆவதற்கே பத்துப் படிகள், பத்து நொதிகள். அவற்றுக்குத் துணையாகச் சிறு பொருள்கள் தேவை என்பதை லண்டனில் ஹார்டனும் யங்கும் கண்டனர். நம் தசையிலும் ஈஸ்ட்டிலும் அந்தப் பத்துப் படிகளும் ஒன்றே என்பது 1940-க்குள் நிலைநாட்டப்பட்டது. துணைப்பொருள்கள் சில, நாம் வைட்டமின் என்று அழைப்பவற்றிலிருந்தே உண்டாகின்றன என்பதும் வெளியாயிற்று. அரிசியைத் தவிட்டோடு உண்ணாமல் வெள்ளையாகத் தீட்டி உண்டவர்கள் பெரிபெரி நோயால் மடிந்தார்களே, அதன் காரணம் இதுவே. தவிட்டிலுள்ள தயமின் இல்லாவிடில், சர்க்கரையை எரிக்கும் சில நொதிகள் துணையின்றிச் செயலற்றுப் போகின்றன.

நொதி ஒன்றே ஒன்று இல்லாமற் போனால் நேர்வது என்ன? 1934-இல் நார்வே நாட்டில் ஒரு தாய், மூளை வளர்ச்சி குன்றிய தன் குழந்தைகள் இருவரையும் ஃபோலிங் என்னும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். அக்குழந்தைகளிடம் ஒருவித முடைநாற்றம் வீசுவதைத் தாய்தான் முதலில் கவனித்திருந்தாள். அவர்களின் சிறுநீரில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசலை விட்டபோது எதிர்பாராத பச்சை நிறம் தோன்றியது. ஃபோலிங் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டு சென்று, உணவுப் புரதத்திலுள்ள ஃபினைல் அலனின் என்னும் ஒரு பொருளை உடலால் மாற்ற இயலாமையே நோயின் வேர் எனக் கண்டார். அதை மாற்றும் கல்லீரல் நொதி அவர்களிடம் வேலை செய்யவில்லை என்பது பின்னர் உறுதியாயிற்று. அந்த இரு குழந்தைகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் 1953-இல் இங்கிலாந்தில், அப்பொருளைக் குறைத்த உணவு கொடுத்து ஒரு குழந்தையின் நிலையைச் சீர்ப்படுத்தினர். இன்று பல நாடுகளில், பிறந்த குழந்தையின் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்து இதனை முதல் வாரத்திலேயே அறிந்துவிடுகிறார்கள்.

நொதி உயிர் அன்று. சரி, பின் அது என்ன பொருள்? இங்கேதான் இரண்டாவது சண்டை தொடங்கியது. இலைப்பச்சையை ஆராய்ந்து 1915-இல் நோபல் பரிசு பெற்ற வில்ஸ்டாட்டர், தாம் தூய்மைப்படுத்திய நொதிக் கரைசலில் புரதம் தென்படவில்லை என்றும், நொதி புரதமே அன்று என்றும் கூறினார். அவர் சொல்லுக்கு இருந்த மதிப்பு பெரிது. உண்மையில், நொதி மிகச் சிறிய அளவிலேயே பெருவேலை செய்வதால், அக்காலச் சோதனைகளுக்கு அதன் புரதம் அகப்படவில்லை.

இதை மறுத்தவர், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், இடைவிடாத வகுப்புகளுக்கும் போதாத பணத்துக்கும் இடையே ஆராய்ச்சி செய்த சம்னர். பதினேழாம் வயதில் வேட்டையின்போது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்து, அவருடைய இடக்கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட நேர்ந்தது. அவர் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர்! எழுதுவது முதல் எல்லாவற்றையும் வலக்கையால் புதிதாகக் கற்றார்; டென்னிஸ் ஆடவும் கற்றார். ஒற்றைக் கையோடு இரசாயனம் ஆகாது, சட்டம் படியும் என்று ஹார்வர்டில் அவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் கேட்கவில்லை. (மாணவருக்கு அறிவுரை கூறும் தொழிலில் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தவன் என்னும் முறையில், இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான் யார் யாருக்கு என்னென்ன சொன்னேன் என்று நினைத்துப் பார்க்கிறேன்.)

1917-இல் அவர் எடுத்துக்கொண்டது, யூரியாவை அம்மோனியாவும் கரியமில வாயுவுமாகப் பிரிக்கும் யூரியேஸ் என்னும் நொதி. அது நிறைந்திருப்பது நம் ஊர்த் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான ஓர் அவரை விதையில். விதைமாவைச் சாராயம் கலந்த நீரில் ஊறவைத்து வடித்துக் குளிரவைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி இல்லை. சாற்றுப் பாத்திரங்களைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரவு நன்றாகக் குளிரவேண்டுமே என்று வேண்டிக்கொள்வாராம். இப்படியே ஒன்பது ஆண்டுகள் சென்றன. 1926-இல் சாராயத்துக்கு மாறாக அசிட்டோனைக் கலந்து பார்த்தார். இரவு முழுவதும் குளிரில் வடிந்த சாற்றில் ஒரு துளியை மறுநாள் நுண்நோக்கியின் கீழ் வைத்தபோது, சிறு சிறு படிகங்கள் தெரிந்தன. அவை முற்றும் புரதம். நீரில் கரைத்தால் யூரியாவைக் கடும் வேகத்தில் பிரித்தன. சம்னர் தொலைபேசியை எடுத்து, முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிவிட்டேன் என்று தம் மனைவியிடம் தெரிவித்தார்.

மனைவி நம்பினார், உலகம் நம்பவில்லை. படிகத்தில் நொதி ஒட்டிக்கொண்டிருக்கிறது, படிகமே நொதி அன்று என்றனர் வில்ஸ்டாட்டர் வழிவந்தோர். 1930-இல் நார்த்ராப் பெப்சினையும் படிகமாக்கி, அதுவும் புரதமே என்று காட்டியபின் எதிர்ப்புத் தளர்ந்தது. 1946-இல் நோபல் பரிசில் பாதி சம்னருக்கும், மறுபாதி நார்த்ராப், ஸ்டான்லி இருவருக்கும் கிடைத்தது.

இப்போது என் மாணவனின் கேள்விக்கு விடை கூறலாம். நொதி கொதிக்கும் முன்பும் உயிரோடு இல்லை. புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது குறிப்பிட்ட ஒரு வடிவில் மடிந்திருக்கும்வரையில்தான் வேலை செய்யும். சூட்டினால் அந்த மடிப்புக் குலைகிறது. முட்டையின் வெள்ளைக் கரு வெந்து கெட்டிப்படுவதும் இத்தகையதே. 1931-இல் சீன அறிஞர் சியென் வூ இதை விளக்கினார். 1965-இல் பிலிப்ஸ் என்பார், நம் கண்ணீரிலும் உள்ள லைசோஸைம் என்னும் நொதியின் மடிப்பை எக்ஸ் கதிரால் கண்டு, அதில் வேலை நடக்கும் பிளவையே காட்டினார். ‘செத்துவிட்டது’ என்ற சொல்லை அதன்பின் நான் வகுப்பில் பயன்படுத்தவில்லை.

ஆனால் வேறொரு பிழையைச் செய்துவந்தேன். ‘எல்லா நொதிகளும் புரதங்களே’ என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் இட்டேன். நான் பணியில் சேரும் முன்பே, 1982-இல், அமெரிக்கர் செக், ஆர்.என்.ஏ. மூலக்கூறு ஒன்று எந்தப் புரதத்தின் துணையுமின்றித் தன்னைத்தானே வெட்டி ஒட்டிக்கொள்வதைக் கண்டிருந்தார். மறு ஆண்டு ஆல்ட்மனும் ஆர்.என்.ஏ. நொதியாக வேலை செய்வதைக் காட்டினார். இருவருக்கும் 1989-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பாடநூலுக்கு அச்செய்தி வந்து சேரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. 2000-ஆம் ஆண்டில் ரைபோசோம் என்னும் புரதத் தொழிற்சாலையின் அமைப்பு அணு அணுவாகத் துலங்கிற்று. அவ்வாராய்ச்சிக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள், சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் ஒருவர். புரதச் சங்கிலியின் கண்ணிகளை இணைக்கும் இடத்தில் புரதம் இல்லை, ஆர்.என்.ஏ.தான் இருக்கிறது. பெப்சினையும் யூரியேஸையும் கட்டித் தருவதே புரதம் அல்லாத ஒரு நொதி!

இதை அறிந்தபின் நான் எடுத்த முதல் வகுப்பில், பழைய வாக்கியத்தை எழுதி, ‘எல்லா’ என்பதை அடித்துவிட்டு, ‘பெரும்பாலான’ என்று திருத்தி எழுதினேன். ஏன் சார் அடித்தீர்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அந்த வகுப்பு முடியும்வரை அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.